பெட்டி பிரிக்காத வாடகை வீட்டில் வாசிப்பு திரும்ப வருமா?

கோயம்புத்தூரிலிருந்து கும்பகோணத்துக்கு மாற்றலாகி வந்து 7 மாதம் ஆகிறது. வங்கி வேலை. குடும்பம் அங்கேயே இருக்கிறது. காவிரிக்குப் பக்கத்துத் தெருவில் பழைய ஓட்டு வீட்டின் முன்பாதியை வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள். 14 அட்டைப்பெட்டி நிறையப் புத்தகங்கள் ரேழியில், அதாவது வாசலுக்கும் கூடத்துக்கும் இடையிலுள்ள நடையில், பிரிக்காமல் கிடக்கின்றன. இந்த மாதிரி வீட்டுக்கு மர அலமாரி நல்லதா, இரும்பு ரேக் நல்லதா, இல்லை எல்லாவற்றையும் ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டு ஒரு கிண்டில் வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி அலமாரியைப் பற்றியதுதான். ஆனால் கடைசியில், போகிற போக்கில் எழுதியது மாதிரி ஒரு வரி இருக்கிறது: முன்பு மாதம் 4 புத்தகம் முடிப்பேன், இங்கே வந்து ஒன்றுகூட முடிக்கவில்லை, 44 வயதில் வாசிப்பே விட்டுப்போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் கேட்க வந்தது அதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். அலமாரிக்கும் பதில் சொல்கிறேன். இரண்டும் வேறு வேறு விஷயம் இல்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பொது நூலகத் துறையில் 31 வருஷம் இருந்தேன். எல்லாம் இந்த டெல்டாவுக்குள்ளேயே, ஊர் ஊராக, பெரும்பாலும் கிளை நூலகங்களில். அதனால் 9 வாடகை வீடுகள் பார்த்தாயிற்று. அதில் 5 வீடுகள் நீங்கள் சொல்வதுபோலப் பழைய வீடுகள்: திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லையில் கிணறு. புத்தகத்தை ஈரத்திலிருந்தும் பூச்சியிலிருந்தும் காப்பாற்றுவது பற்றி நான் உறுதியாகப் பேசுவேன், அது என் வேலை. ஒரு மனிதருக்கு வாசிப்பு ஏன் நிற்கிறது, எப்படித் திரும்புகிறது என்பதை கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். நான் மருத்துவரும் இல்லை, மனநலம் படித்தவனும் இல்லை. அந்தப் பகுதியை அனுபவசாலி ஒருவன் சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியிலேயே விடையில் பாதி இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. கோவையில் வீட்டிலிருந்து காந்திபுரம் கிளைக்கு பஸ்ஸில் 45 நிமிடம், திரும்ப 45 நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே வங்கி 8 நிமிட நடை, அது ஒன்றுதான் இந்த ஊரில் சௌகரியம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். தினமும் ஒன்றரை மணி நேரம், மாதம் 24 வேலை நாள், 36 மணி நேரம். அரை மணிக்கு 15 பக்கம் என்று மெதுவாகவே வைத்தாலும் 1,000 பக்கத்துக்கு மேல் வருகிறது. அதுதான் உங்கள் மாதம் 4 புத்தகம். நீங்கள் படித்தது வீட்டில் இல்லை, பஸ்ஸில். பஸ் போனது, வாசிப்பும் போனது. ஆர்வம் செத்துவிட்டது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உட்கார்ந்திருந்த இடத்தைத்தான் எடுத்துவிட்டார்கள் என்று எனக்குப் படுகிறது.

இதை ஏன் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன் என்றால், மாற்றலாகி வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வங்கிக்காரர்கள், மின்வாரியத்தார், ஆசிரியர்கள், கோர்ட் குமாஸ்தாக்கள். வந்த முதல் சில மாதம் பேப்பர் படிக்க மட்டும் வருவார்கள். பழைய ஊரில் நான் பெரிய வாசகன் சார் என்று சொல்வார்கள். புத்தகம் எடுக்க மாட்டார்கள். பேசிப் பார்த்தால் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே கதை: ரயிலில் படித்தேன், மொட்டை மாடியில் படித்தேன், மாமனார் வீட்டு ஊஞ்சலில் படித்தேன். எல்லோரும் ஓர் இடத்தைச் சொல்வார்கள். யாரும் ஆர்வத்தைப் பற்றிப் பேசியதில்லை. உறுப்பினராகச் சேர்ந்து வாரம் ஒருமுறை வர ஆரம்பித்தவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்தில் பழக்கம் திரும்பிவிடும். ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். படிக்க வேண்டும் என்று ஏற்கெனவே முடிவுசெய்தவர்கள்தானே உறுப்பினராகச் சேர்ந்திருப்பார்கள்? சேர்ந்ததால் படித்தார்களா, படிக்கிறவர்கள் சேர்ந்தார்களா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

எனக்கே நேர்ந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். நூலகராக இருந்துகொண்டே சுமார் 2 வருஷம் ஒரு புத்தகமும் படிக்கவில்லை. அப்போது மாயவரத்தில் வேலை, கும்பகோணத்தில் வீடு, கைக்குழந்தை. காலை முதல் மாலை வரை புத்தகத்தைத் தொட்டுத் தொட்டு வீட்டுக்கு வந்தால் அதன் வாசனையே பிடிக்காது. மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் தின்ன மாட்டான் என்பார்களே, அது மாதிரி. தினமும் பாசஞ்சர் ரயிலில் குத்தாலம், நரசிங்கன்பேட்டை, ஆடுதுறை என்று ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டே வருவேன். ஒருநாள் மழையில் ரயில் ஆடுதுறையில் நெடுநேரம் நின்றுவிட்டது. எதிரே இருந்தவர் பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் போட்டுத் தொங்குமே, அந்த மாதிரி ஒரு மாத நாவலைப் படித்து முடித்து இருக்கையில் வைத்துவிட்டு இறங்கிப்போனார். கொலைக் கதை. பெயர்கூட ஞாபகம் இல்லை. கொலைகாரன் யார் என்பது எனக்கு மூன்றாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் கும்பகோணம் வந்தது தெரியாமல் படித்தேன். மறுநாள் நூலகத்தில் அதே ரகத்தில் இன்னொன்றை எடுத்து, யாரும் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டேன். நூலகர் இதையெல்லாம் படிக்கிறாரே என்று நினைத்துவிடக் கூடாதே என்ற கௌரவம்! அந்தக் கௌரவம்தான் 2 வருஷம் என்னைப் படிக்கவிடாமல் வைத்திருந்தது என்று பிறகுதான் புரிந்தது.

அடுத்தது, நீங்கள் 44 வயது என்று சொன்னதால் ஒரு சந்தேகம். இரவில் புத்தகம் எடுத்தால் 10 நிமிடத்தில் தலை கனக்கிறது, வரி தாண்டிப் போகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடைசியாகக் கண்ணை எப்போது சோதித்தீர்கள்? 40 வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வருவது கிட்டத்தட்ட எல்லோருக்கும் உள்ளது. கண்ணின் லென்ஸ் விறைத்துப்போய்க் கிட்டத்தில் இருப்பதைக் கூர்மையாக்க முடியாமல் போவதுதான் அது, நோய் இல்லை. ஆனால் யாரும் அதைக் கண் கோளாறு என்று முதலில் நினைப்பதில்லை. புத்தகம் போரடிக்கிறது என்று நினைக்கிறார்கள். என்னிடம் வாசிப்பே போச்சு சார் என்று சொன்ன எத்தனையோ பேர் மூக்குக்கண்ணாடி மாற்றிக்கொண்டு வந்து மறுபடி தலையணை நாவல்களைத் தூக்கிப்போனதைப் பார்த்திருக்கிறேன். போனில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்கிறோம், அதனால் அங்கே தெரிவதில்லை. அச்சுப் புத்தகம்தான் காட்டிக்கொடுக்கும். உங்களுக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அலமாரிக்குச் செலவழிக்கும் முன் கண் டாக்டரைப் பார்ப்பது மலிவு.

விளக்கும் அப்படித்தான். பழைய வீட்டில் டியூப் லைட்டைக் கூடத்தின் ஏதோ ஒரு மூலையில் உயரத்தில் மாட்டியிருப்பார்கள். நீங்கள் எங்கே உட்கார்ந்தாலும் உங்கள் தலை நிழல் பக்கத்தின் மேல் விழும். மேசை விளக்கு ஒன்று வாங்கி, இடது தோளுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் பக்கத்தில் விழும்படி வையுங்கள். எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கும் போகலாம். வாடகை வீட்டுக்கு வாங்கும் சாமானில் இது ஒரு தகுதி.

இப்போது இடம். பஸ் சீட்டுக்குப் பதிலாக ஒன்று வேண்டும். பஸ் சீட்டின் குணம் என்ன? வேறு எதுவும் செய்ய முடியாது, எழுந்து போக முடியாது, நேரம் முன்கூட்டியே தீர்மானமானது. வீட்டில் கட்டில் அப்படி இல்லை, படுத்தால் தூக்கம் வரும். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் பாத்திரம் கண்ணில் படும். திண்ணைதான் அழகு, எல்லோரும் அதைத்தான் கனவு காண்கிறார்கள். ஆனால் இந்த ஊரில் சாயங்காலம் 6 மணிக்குத் திண்ணையில் புத்தகத்தோடு உட்கார்ந்தால் கொசு உங்களைப் படிக்கும். அதோடு தெருவில் போகிற ஒவ்வொருவரும் என்ன சார் படிக்கிறீங்க என்று நின்று விசாரிப்பார்கள். அது ஒரு நல்ல காரியம்தான், ஊரோடு பழக வேண்டுமானால் திண்ணையில் உட்கார வேண்டும். படிக்க வேண்டுமானால் உள்ளே வாருங்கள். என் சிபாரிசு, முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் காலையில் அரை மணி. வங்கிக்கு 9:30க்குக் கிளம்பினால் போதும் என்றால் 8:30க்குக் காபியோடு உட்காரலாம். ஒரு சாய்வு நாற்காலி, அது எப்போதும் அந்த இடத்திலேயே. அதில் உட்கார்ந்து போன் பார்ப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு. நாற்காலிக்கு அது தெரியாது, ஆனால் உங்கள் உடம்புக்கு ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகாத வாரத்தில், பழைய பஸ்ஸையே வேண்டுமென்றாலும் திரும்பக் கொண்டுவரலாம். தஞ்சாவூருக்கு ரயிலேறி சுவாமிமலை, பாபநாசம், அய்யம்பேட்டை தாண்டிப் போய் ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்புங்கள். வேலை எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம். நான் ஓய்வுபெற்ற பிறகும் இதைச் செய்கிறேன். மனைவி கேட்டால் தஞ்சாவூரில் ஒரு வேலை என்பேன்.

சரி, பெட்டிகளுக்கு வருவோம். இது இரண்டு வருஷ வீடு, பிரித்து அடுக்கி மறுபடி கட்டுவதா என்று நினைக்கிறீர்கள். எல்லோரும் நினைப்பதுதான். நான் ஒரு வீட்டில் 11 மாதம் பெட்டியைப் பிரிக்காமல் இருந்தேன், பிறகு அதே வீட்டில் 6 வருஷம் இருந்தோம். பெட்டி கட்டியபடி இருக்கும்வரை அந்த வீட்டில் நாமும் சத்திரத்தில் தங்கியவர் மாதிரிதான் இருப்போம். இந்த ஊர்ப் பக்கத்து மனிதர் ஒருவர் இதற்கு ஒரு விதியே எழுதியிருக்கிறார். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகங்கள் பயன்பாட்டுக்கே. பெரிய தத்துவம் மாதிரி தெரியாது. ஆனால் ரேழியில் 14 பெட்டியைத் தாண்டித் தாண்டிப் போகிறவருக்கு அதன் கூர்மை தெரியும். ஒவ்வொரு முறை தாண்டும்போதும் அது கடன்காரன் மாதிரி பார்க்கும். அதனால் 14ஐயும் பிரிக்கச் சொல்லவில்லை. 1 பெட்டி மட்டும். அதிலிருந்து ஏற்கெனவே படித்துப் பிடித்த 10 புத்தகம், படிக்காதது 5, வெளியே வரட்டும். மீதியைப் பற்றி இரண்டு மாதம் கழித்து யோசிக்கலாம்.

ஆனால் பிரிக்காத 13 பெட்டிகளைப் பற்றி இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இது சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதி. பெட்டிகள் தரையில் நேரடியாக இருக்கின்றனவா, சுவரை ஒட்டி இருக்கின்றனவா? இரண்டும் கூடாது. பழைய வீட்டுச் சுவர் செங்கலும் சுண்ணாம்பும், அடியில் ஈரம் தடுக்கும் பூச்சு இருக்காது. ஆற்றில் தண்ணீர் வந்து நிலத்தடி நீர் ஏறினாலும், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்தாலும் சுவர் ஓதம் ஏறும். இடுப்பு உயரம் வரை வெள்ளை பொரிந்து உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அட்டைப்பெட்டி அந்த ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கரையானுக்கு அட்டையே சாப்பாடு. எங்கள் பக்கத்தில் செல் என்போம், செல்லரித்த ஏடு என்பது அதிலிருந்து வந்ததுதான். அது மண்ணிலிருந்து சுவரோரமாக ஒரு மண் கோடு போட்டுக்கொண்டு வரும். பெட்டியின் மேல்புறம் பளிச்சென்று இருக்கும், அடியில் கையை விட்டால் மண். திருவாரூர்ப் பக்கம் இருந்தபோது எனக்கு அப்படி ஒரு பெட்டி போயிற்று. மேலே இருந்த 3 புத்தகங்களைத் தூக்கினேன், கீழே புத்தகங்களின் வடிவத்தில் புற்று இருந்தது.

ஆகையால் 4 செங்கல், அதன்மேல் ஒரு பலகை. தரையிலிருந்து அரை அடியாவது உயரம். சுவரிலிருந்து நான்கு விரற்கடை இடைவெளி, காற்று போய்வர. வெளிச்சுவரை விட்டு இரண்டு அறைக்கு நடுவிலுள்ள சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள். ரேழியில் பெரும்பாலும் வெளிக்காற்று அடிக்கும், மழைச்சாரலும் வரும். கூடத்துக்கு உள்ளே கொண்டுபோங்கள். பழைய வீட்டில் சுவருக்குள்ளேயே மரக்கதவு போட்ட அலமாரி இருக்குமே, பார்க்க ஆசையாக இருக்கும், புத்தகத்துக்கென்றே செய்தது மாதிரி. அது வெளிச்சுவரில் இருந்தால் தொடாதீர்கள். மூன்று பக்கமும் ஓதம், ஒரு பக்கம் மூடிய கதவு, பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. காற்றில் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டினாலே காகிதத்தில் பூஞ்சணம் பிடிக்க ஆரம்பிக்கும். நம் ஊரில் மழைக்காலத்தில் அதைச் சாதாரணமாகத் தாண்டும்.

மரமா இரும்பா என்றால், இந்த வீட்டுக்கு நான்கு பக்கமும் திறந்த இரும்பு ரேக்தான். கரையான் ஏறினால் கண்ணில் படும், கழற்றி லாரியில் போடலாம், சுவரில் ஆணி வேண்டாம். சுண்ணாம்புச் சுவரில் ஆணி நிற்காது, அடித்தால் ஒரு கை அகலத்துக்குப் பூச்சு உதிரும், பிறகு வீட்டுக்காரம்மாவிடமிருந்து அட்வான்ஸில் கழித்துக்கொள்கிறேன் என்ற பேச்சு வரும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதில் ரிப்பேர் யார் பொறுப்பு, சுவரில் எதுவும் மாட்டலாமா என்பதை எழுதிக்கொண்டிருந்தால் நல்லது. எழுதாவிட்டால் ஒரு தட்டில் வெற்றிலைபாக்கோடு போய் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், இந்த ஊரில் அதற்கு இன்னும் மதிப்பு உண்டு. மூடிய பீரோ வேண்டாம். ஏற்கெனவே இருந்தால் வெயில் காயும் நாட்களில் கதவைத் திறந்து வையுங்கள். பழைய மரச்சாமான் கடையில் தேக்கு அலமாரி பார்த்து மயங்கினால், வாங்கும் முன் பின்பலகையை விரலால் தட்டிப் பாருங்கள், பொள்ளலாகச் சத்தம் கேட்டால் உள்ளே குடித்தனம் இருக்கிறது.

பூச்சி மருந்து பற்றிப் பல பேர் பலவிதம் சொல்வார்கள். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளுக்குப் பக்கத்தில் வசம்பு, மிளகு, கிராம்பு, பட்டை, கருஞ்சீரகம் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைப்பார்கள். வாசனை பூச்சியை விரட்டும். அது பலன் தருகிற முறைதான், ஆனால் வாசனை போனதும் புதுசு மாற்ற வேண்டும், யாரோ ஒருவர் தினமும் புத்தகத்தை எடுத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டும் இருக்க வேண்டும். முடிச்சை வைத்துவிட்டு ஒரு வருஷம் திரும்பிப் பார்க்காவிட்டால் பலன் இருக்காது. வேப்பிலையும் அப்படியே. காய்ந்த வேப்பிலை சில பூச்சிகளைத் தள்ளி வைக்கும், கரையானை நிறுத்தாது. பச்சையாக வைத்தால் அதன் ஈரமே கெடுதல். அந்துருண்டை வேலை செய்யும், ஆனால் அதன் ஆவி மனிதருக்கும் நல்லதில்லை. நீங்கள் படுக்கிற அறையில் வேண்டாம். வெள்ளி நிறத்தில் ஒரு பூச்சி வழுக்கிக்கொண்டு ஓடுமே, அது பைண்டிங் பசையின் மாவுக்காக வருகிறது. அதனால்தான் பழைய பைண்டர்கள் பசை காய்ச்சும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார்கள். ராமபாணம் வேறு, அட்டையிலிருந்து அட்டைக்கு நேராக ஒரே துளையாகத் துளைப்பது. பலர் இரண்டையும் ஒரே பெயரில் சொல்வார்கள். துளை புதுசாக இருந்து மாவு உதிர்ந்தால், அந்தப் புத்தகத்தைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீஸரில் 2 வாரம் வையுங்கள். எடுத்ததும் பிரிக்காதீர்கள். பையோடு ஒரு நாள் வெளியே இருந்து குளிர் விட்டபிறகு பிரியுங்கள், இல்லாவிட்டால் வியர்த்து நனையும்.

நம் வீடுகளில் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை இறக்கித் தூசி தட்டி அடுக்குகிறோம். அது சரியாக வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வருகிறது. வேண்டுமென்றே அப்படி வைத்தார்களோ இல்லையோ, வருஷத்துக்கு ஒருமுறை எல்லாப் புத்தகமும் கைக்கு வருகிறது, எது செல்லரித்தது என்று தெரிகிறது. அன்றைக்குப் படிக்கக் கூடாது என்று சொல்வார்கள். சிறுவயதில் எனக்கு அன்றைக்குத்தான் படிக்க வேண்டும்போல வெறி வரும். சுண்டல் கட்டிவந்த பேப்பரை விரித்துப் பாதிச் செய்தி படித்துவிட்டு மீதி யாரிடம் போயிற்று என்று தேடியிருக்கிறேன். வாசிப்பு திரும்பக் கொஞ்சம் தடையும் உதவும் என்பது என் கட்சி. இதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை.

நூலகத்தில் சேருங்கள் என்பேன், நூலகர் வேறென்ன சொல்வார் என்பீர்கள். வீட்டில் 14 பெட்டி இருக்க வெளியிலிருந்து எதற்கு? காரணம், சொந்தப் புத்தகத்துக்குத் தவணை கிடையாது, நாளைக்குப் படிக்கலாம், ஓய்வுபெற்றபின் படிக்கலாம். இரவல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதி இருக்கிறது. பஸ் கொடுத்த கட்டாயத்தில் கொஞ்சத்தை அந்தத் தேதி கொடுக்கும். திருப்பிக் கொடுக்க வாரம் ஒருமுறை அந்தத் தெருவில் நடப்பீர்கள், அங்கே இரண்டு முகம் பழகும். வாடகை வீடு வீடாக மாறுவதில் பாதி அதுதான் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும், கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. போகும் முன் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துக்கு இதில் ஒரு பழைய பெருமையும் உண்டு: 1931இல் மன்னார்குடியிலிருந்து மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வண்டி வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை, நடந்து போகலாம்.

என்ன படிக்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, நல்லது. நான் பட்டியல் கொடுத்தால் அது 15ஆவது பெட்டியாகும். ஒன்று மட்டும்: கனமான, படித்தே தீர வேண்டிய என்று நீங்கள் ஒதுக்கி வைத்திருக்கும் எதையும் முதலில் எடுக்காதீர்கள். கல்லூரியில் படித்துப் பிடித்ததைத் திரும்பப் படியுங்கள். சிறுகதை, பயணக் கதை, கொலைக் கதை, சமையல் புத்தகம், எதுவானாலும் சரி. பிடிக்காவிட்டால் 30 பக்கத்தில் மூடிவிடுங்கள். பாதியில் திருப்பிக் கொடுக்கும் வாசகர்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற தொனியில் நிற்பார்கள். பந்தியில் பிடிக்காத கூட்டை இலையில் வைத்துவிட்டு எழுந்திருக்கிறோம், யார் மன்னிப்புக் கேட்கிறார்கள்? கிண்டில் கெட்டது இல்லை. எழுத்தைப் பெரிதாக்கலாம், பூச்சி வராது, இரண்டு வருஷத்தில் மறுபடி மாற்றலானால் கையில் எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் பெட்டிகளைக் கண்ணிலிருந்து மறைப்பதற்காக மட்டும் வாங்குவதானால் அதிலும் படிக்க மாட்டீர்கள். போனில் படிப்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்வதில்லை. மூன்றாவது பக்கத்தில் யாராவது குட்மார்னிங் அனுப்புவார்கள்.

எவ்வளவு நாளாகும் என்பதற்கு உறுதியான பதில் கிடையாது. ரங்கநாதனையே எடுத்துக்கொள்ளுங்கள். கணித ஆசிரியராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். வந்த சில நாளிலேயே தனிமை தாங்காமல் பழைய கல்லூரி வேலைக்கே போகிறேன் என்று கேட்டுப்போனவர். இங்கிலாந்துக்குப் பயிற்சிக்குப் போய்வந்த பிறகுதான் வேலையில் மனம் ஒட்டியது. உங்களுக்கு 7 மாதம்தான் ஆகிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள். புத்தகம் மட்டும் இல்லை, சாப்பாடும் தூக்கமும் சரியில்லை, சனிக்கிழமை ஊருக்குப் போகக்கூட மனசு வரவில்லை என்ற நிலை பல வாரமாக இருந்தால் அது அலமாரி விஷயமோ பஸ் விஷயமோ இல்லை. குடும்பத்தைப் பிரிந்து தனியாக இருப்பவருக்கு அது நேரக்கூடியது. மருத்துவரிடம் போங்கள், நூலகரிடம் வேண்டாம்.

இப்போதைக்கு, இதைப் படித்து முடித்ததும் ரேழிக்குப் போய் அடிவரிசைப் பெட்டி ஒன்றை நகர்த்திச் சுவரோரம் மண் கோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த மூலையில் வெளிச்சம் போதாது.